தொட்ட காய்

படிவம் வந்திருக்கிறது.
ஏழாம் எண் தண்ணீர்க் கொட்டகையில்
சதுரங்கம் பயிலும் பதினோரு பிள்ளைகள்
இந்தக் குளிர்காலத்தில் பெற்ற வாழ்க்கைத் திறன்கள் எவை?
பொறுமை. முடிவெடுத்தல். தோல்வியைத் தாங்குதல்.
பொருந்தும் கட்டத்தில் டிக் செய்யவும்.

பேனாவில் மை உறைந்து கிடக்கிறது.
அடுப்பருகே பிடித்துக்கொண்டு யோசிக்கிறேன்.

பொறுமையை நான் எழுத முடியாது.
உலான்பாத்தரின் இந்த மேட்டில், மைனஸ் முப்பதில்,
கைவண்டியில் நீலப் பீப்பாயைக் கட்டிக்கொண்டு
லாரி வரும்வரை நிற்கிற பிள்ளைக்கு
நான் என்ன பொறுமை சொல்லித்தர?
வெளியே நிற்காதீர்கள், உள்ளே வாங்க என்றேன்.
உள்ளே ஒரு பலகை இருந்தது.
அவ்வளவுதான் நடந்தது.

வேறு ஊர்களில் மந்திரியாம்;
எங்களுக்கு அது ஒட்டகம்.
மூலையில் நிற்பது வண்டி.
முன்வரிசையில் எட்டுப் பேர்,
உலகம் சிப்பாய் என்கிறது,
நாங்கள் பிள்ளை என்போம்.
'பிள்ளையைக் கொடுத்து வண்டியை வாங்கு'
என்று சொல்லிவிட்டு ஒருநாள் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
'எங்க வீட்ல வண்டியை இழுக்கறதே பிள்ளைதான் அக்கா'
என்றான் ஒர்கில். கொட்டகையே சிரித்தது.

ஒரே ஒரு விதியில் மட்டும் கறாராக இருந்தேன்:
தொட்டால் நகர்த்து.
யோசித்து முடிக்கும்வரை கை தொடைக்கடியில் இருக்கட்டும்.

டிசம்பரில் கறுப்புக் குதிரை ஒன்று காணாமல் போனது.
கடைசியாகக் கிளம்பியவன் ஒர்கில்.
அவன் சட்டைப்பை எப்போதும் புடைத்திருக்கும்.
பத்துப் பேர் பார்க்க,
'பையைக் காட்டு' என்றேன்.

காட்டினான்.
மெழுகுவர்த்தித் துண்டு.
தண்ணீர்ச் சீட்டு.
ஆட்டுக் கணுக்கால் எலும்பு இரண்டு,
எங்கள் பிள்ளைகள் உருட்டி விளையாடுவது.
குதிரை இல்லை.
எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டுக்கொண்டு
பீப்பாயைக் கட்டினான்.
கயிற்றை இரண்டு முறை முடிச்சிட்டான்.

நாலு நாள் வண்டியை இழுத்து வந்தது அவன் தங்கை.
நாலாம் நாள் ஒரு எலும்பை நீட்டினாள்.
'அண்ணன் குடுக்கச் சொன்னான்.
நிமிர்த்தி வெச்சா குதிரைப் பக்கம் வருமாம்.
காய் குறையுதுல்ல.'

அன்று சாயங்காலம் சாவி தேடியபோது
என் அங்கியின் கிழிந்த உள்துணிக்குள்
விரலில் தட்டியது, பிடரி, மூக்கு.
அடுப்புக்கடியில் கிடந்தது என்று சொல்லிவிடலாம்.
கையை மெல்ல வெளியே எடுத்தேன், அடுப்பை நோக்கி.

நொமுன்தாரிக்கு ஒன்பது வயது.
பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.
'தொட்டாச்சு அக்கா' என்றாள்.
'நகர்த்தணும்.'

ஜன்னலைச் சாத்திவிட்டு மேட்டில் ஏறினேன்.
நிலக்கரிப் புகையில் எல்லா வீடும் ஒரே வீடு.
ஒரு நாய் என்னைத் தப்பான வாசலில் நிறுத்தி விசாரித்தது.
அவன் கதவைத் திறந்ததும்,
வழியெல்லாம் கோத்து வைத்திருந்த வாக்கியம் அறுந்தது.
நான்தான் தப்பு, என் பையில்தான் இருந்தது என்றேன்.
அவன் குதிரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
'லாரி வந்துச்சா?'
இன்னும் இல்லை என்றேன்.
'அப்ப வரேன்.'

மை இளகிவிட்டது.
பதினோரு பெயருக்கும் கீழே ஒரு வரி காலி.
அங்கே என் பெயரை எழுதி, அடித்து,
மறுபடி எழுதியிருக்கிறேன்.
டிக் செய்யத்தான் கட்டம் அகப்படவில்லை.

மரக்குதிரை இப்போது பெட்டியில் தூங்குகிறது.
எலும்புக் குதிரைதான் வேண்டுமாம் எல்லாருக்கும்.
அதில் ஒரு சிக்கல்:
குறுகிய பக்கத்தில் நிற்பதால்
மேசை ஆடினால் குதிரை ஆடாகிவிடுகிறது.
ஆடு எப்படி நகரும்?
புத்தகத்தில் விதி இல்லை.
நேற்று வெகுநேரம் சண்டை போட்டு
அவர்களே ஏதோ முடிவு செய்தார்கள்.
எனக்கு இன்னும் சொல்லவில்லை.